கீழ் வீட்டில் கேட்ட பாதிப் பாட்டு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரைப் பல்லுக்காரர் என்றால்தான் தெரியும். பல் டாக்டர் என்று நினைத்துப் படிக்கட்டிலேயே வாயைத் திறந்து காட்டியவர்களும் உண்டு. அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள்; அதை வைத்துப் பின் சந்தில் ஓர் ஒற்றை அறையில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பவர். மெழுகில் ஈறு பிடிப்பது, பல்லுக்கு நிறம் சேர்ப்பது, ராவுவது, மெருகேற்றுவது என்று நாள் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. பால் வெள்ளையில் பல் கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் கொஞ்சம் வாதாடுவார். "பல்லு புதுசுன்னு ஊருக்கே தெரிஞ்சா நான் வேலை செஞ்சதுக்கு என்னங்க அர்த்தம்?" என்பார்.

கோபமே வராத மனிதர். ஐம்பதைத் தாண்டியும் தலை நரைக்காததற்கு அதுதான் காரணம் என்று அவர் மனைவி சொல்வாள். அவளுக்கு முக்கால்வாசி நரைத்துவிட்டது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. மேஜையில் முழ உயரத்துக்கு அடுக்கிய துணியை மின்சாரக் கத்தி ஒரே வீச்சில் அறுத்துக்கொண்டு போகும். அந்தப் பக்கம் தையல் மிஷின்கள், இந்தப் பக்கம் இஸ்திரிப் பெட்டிகள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கொஞ்ச நேரம் யாரும் எங்கிட்ட பேசாதீங்க" என்பாள். வீட்டில் இருப்பவரோ அவர் ஒருவர்தான். ஒரே மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள்.

மகள் போன பிறகுதான் பரண்மேல் போர்வைக்குள் கிடந்த ஸ்டீரியோ கீழே இறங்கியது. தன் கல்யாணத்துக்கு முன்பு அவர் ஆசைப்பட்டு வாங்கிய ஆம்ப்ளிஃபயர், ஷூ டப்பாவைவிடச் சற்றுப் பெரிய இரண்டு ஸ்பீக்கர்கள். குழந்தை கம்பியைப் பிடித்து இழுக்கிறது என்று மேலே ஏற்றியவர், அதற்குப் பள்ளிக்கூடம், பரீட்சை, காலேஜ் என்று அப்படியே மறந்துபோனார். தூசி தட்டி மின்சாரம் கொடுத்ததும் அது ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை, பாடியது. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருகிற நேரத்திலும், மனைவி வேலையிலிருந்து திரும்புவதற்கு முந்தைய அரைமணியிலும் அவர் பாட்டுக் கேட்டார்; அவள் வந்துவிட்டால் நிறுத்தச் சொல்லிவிடுவாள். அதிலும் ஒரு பாட்டின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். ஆற்றங்கரையில் ஒருத்தி யாருக்கோ காத்திருந்து பாடுவதுபோன்ற பழைய பாட்டு. ஸ்டீரியோ பரணில் கிடந்த நாளிலும் ரேடியோவில் விடாமல், இருபத்தைந்து வருஷமாகக் கேட்கிறார். எந்த இடத்தில் அந்தப் பெண் மூச்சு வாங்குகிறாள் என்பதுவரை அத்துப்படி.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், வழக்கமாக வேலை கொடுக்கும் டாக்டர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று பல்செட்டை அவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போனார். டாக்டர் வீட்டுக் கூடத்தில் அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பல்லுக்காரர் டப்பாவை நீட்டிய கையோடு அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெண்ணின் குரலுக்குக் கீழே இன்னொரு ஆள் நடந்துகொண்டிருந்தான். தாழ்ந்த சுருதியில் ஒரு பேஸ் கிட்டார். அவள் நின்றால் அவனும் நின்றான். அவள் தயங்கினால் இவன் மெதுவாக நாலு படி ஏறி, ஒரு கணம் நின்று பார்த்து, இறங்கி வந்தான்.

"என்னங்க, உக்காருங்க" என்றார் டாக்டர்.

"டாக்டர், இது யாரு?"

"யாரு?"

"கீழ ஒருத்தர் வாசிக்கிறாரே."

டாக்டர் சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினார். சப்வூஃபர். அடித்தொனியை மட்டும் எடுத்துக் கொடுக்கிற பெட்டி. விலையைச் சொன்னதும் பல்லுக்காரர் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். அந்தக் காசில் அவருடைய பட்டறையில் இருக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டால் அந்த ஆளைக் காணவில்லை. காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்தும் பார்த்தார். சின்ன ஸ்பீக்கர் என்ன செய்யும் பாவம், அதற்கு எட்டாத இடத்தில் அவன் நடந்துகொண்டிருந்தான்.

விஷயம் மைத்துனன் காதுக்குப் போயிற்று. மனைவியின் தம்பி, காருக்கு சீட் கவரும் ஹாரனும் ஸ்பீக்கரும் மாட்டித் தருகிற கடை வைத்திருப்பவன். அத்தான் வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டார் என்றதும் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாளே ஒரு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். முன்பக்கம் நீல விளக்கு எரிந்தது. பக்கவாட்டில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை.

"இதைப் போடுங்க அத்தான், செவுரே பேசும். காசெல்லாம் மெதுவா குடுங்க."

சுவர் பேசத்தான் செய்தது. ஆனால் ஒரே வார்த்தையைத்தான் பேசியது. எந்தப் பாட்டைப் போட்டாலும் 'தொம்' என்றது. ஆனாலும் ஆற்றங்கரைப் பாட்டில், அந்தத் தொம்மென்ற இரைச்சலுக்குள் துழாவினால், அவன் நடக்கிற தடம் மங்கலாகக் கிடைத்தது. கிடைத்த மட்டும் லாபம் என்று பல்லுக்காரர் தினமும் மத்தியானம் சாப்பிட வரும்போது அந்தப் பாட்டை இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை கேட்டார். மனைவி அந்த நேரத்தில் தொழிற்சாலையில் இருந்ததால் கேட்பாரில்லை.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நேர் கீழ் வீட்டு நர்ஸ். கலைந்த தலை, கண்ணைச் சுற்றிக் கருவளையம். பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி வார்டு பார்ப்பவர். கணவர் கப்பலில் வேலை செய்தார். வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். குடியிருப்பில் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்கட்டில் பார்த்தால் சிரித்துவிட்டுப் போவதோடு சரி, அதிகப் பழக்கமில்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல மிஷின் ஏதாவது ஓடுதா?"

"மிஷினா? இல்லையே சிஸ்டர்."

"சாப்பாட்டு நேரமானா என் கட்டில் கெடந்து ஆடுது சார். நான் விடிஞ்சப்புறம் வந்துதான் படுக்குறேன்."

பல்லுக்காரர் திரும்பிப் பார்த்தார். நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தன் வீட்டுத் தரைதான் சிஸ்டர் வீட்டுக் கூரை என்பது இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. முகம் சுண்டிப்போயிற்று. "ஐயையோ" என்றார். ஓடிப்போய்ப் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"இனிமே வராது சிஸ்டர். இனிமே வரவே வராது. போய்த் தூங்குங்க."

சாயங்காலம் மைத்துனன் பெட்டியைத் திருப்பி எடுக்க வந்தான். அவனுக்கு மனசு ஆறவில்லை.

"பகல்ல தூங்குறது அவங்க பழக்கம் அத்தான். அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

"வாயை மூடுடா" என்றாள் அக்கா. "குடல்வால்னு நீ ஆஸ்பத்திரியில கெடந்து கத்துனியே, விடிய விடிய உன் பக்கத்துல முழிச்சுக்கிட்டு நின்னது யாரு? இந்த மாதிரி ஒருத்திதானே?"

அவன் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினான்.

அதற்குப் பிறகு பல்லுக்காரர் ஸ்டீரியோ பக்கமே போகவில்லை. கோபமோ வருத்தமோ இல்லை. பாட்டைப் போட்டால் கீழே ஒருவன் நடக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடப்பது தெரிந்தது. தெரிந்த பிறகு தெரியாததுபோல் எப்படிக் கேட்பது? மத்தியானம் வருவார், சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார். மனைவி ஒரு வாரம் பார்த்தாள். அவளுக்கு வேண்டியிருந்த அமைதி வீட்டில் நிறையவே இருந்தது. என்னவோ அது சரியான அமைதியாக இல்லை.

"ஏங்க, அந்தப் பெட்டி வேணும்னா நல்லதா ஒண்ணு பாத்து வாங்குங்க" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"கீழ சிஸ்டர் இருக்காங்களே."

"அதான் சொல்றேன். கடைக்காரர் கடையில நின்னு கேப்பாரு. நீங்க உங்க நாற்காலியில உக்காந்து கேப்பீங்க. அடி வாங்குறது அவங்கதானே? எதை வாங்கலாம்னு அவங்களையே கேட்டா என்ன?"

பல்லுக்காரர் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். அன்று சாயங்காலமே இருவரும் கீழே இறங்கிப் போனார்கள். சிஸ்டர் வேலைக்குக் கிளம்பித் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பின்னல் பாதியில் நின்றது.

"உங்க வீட்டுக்கு வாங்குறதை நான் சொல்லணுமா?"

"நீங்க சரின்னா வாங்குறேன். வேணாம்னா விட்டுடுவேன் சிஸ்டர். சத்தியமா."

சிஸ்டர் அவரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "வர்ற வியாழக்கிழமை எனக்கு லீவு" என்றார்.

கடைத்தெருவின் கோடியில், ஸ்பீக்கர்களைப் பழுது பார்த்துக்கொண்டே புதுசும் பழசும் விற்கிற ஒருவர் இருந்தார். கடைக்குள் ஆள் நடக்க ஒற்றையடிப் பாதைதான். மீதி இடமெல்லாம் பெட்டிகள். பல்லுக்காரர் கையைக் கடிக்காத விலையில் வேண்டும் என்றார். கடைக்காரர் விலையை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"உங்க ஹால் எவ்வளவு பெரிசு?"

"ரெண்டு பேர் உக்காரலாம். மூணாவது ஆள் வந்தா நிக்கணும்."

"அப்ப எதுக்கு மலை மாதிரி பெட்டி? இப்ப இருக்குற ஸ்பீக்கர் கீழ இறங்கிப் போய்க்கிட்டே இருக்கும், ஒரு எடத்துல அதுக்கு மூச்சு முட்டும். அது கைய விடுற எடத்துல இது புடிச்சுக்கணும். அம்புட்டுதான். நல்ல சப்வூஃபர்னா அது இருக்குறதே தெரியாதுங்க. அணைச்சுப் பாத்தாத்தான், அட, இவ்வளவு நேரம் இருந்துச்சான்னு தோணும்."

பல்லுக்காரருக்கு அந்த ஆளை உடனே பிடித்துப்போயிற்று. இருக்கிறதே தெரியாமல் இருக்கிற பொருளைச் செய்துதான் அவரும் முப்பது வருஷமாகச் சாப்பிடுகிறார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று பெரியது, ஒருவர் வைத்திருந்து விற்றது, பக்கத்தில் துளை உள்ளது. அந்தத் துளை வழியாகவும் காற்று வந்து சத்தத்தைக் கூட்டும் என்றார். இன்னொன்று சின்னது, புதுசு, நாலு பக்கமும் அடைத்தது. சத்தம் குறைவு, ஆனால் தட்டினால் தட்டின இடத்தில் நிற்கும் என்றார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வாரம் இரண்டையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"எங்க வைக்கிறதுன்னு தெரியலேன்னா, பெட்டியைத் தூக்கி நீங்க உக்கார்ற நாற்காலியில வைங்க. பாட்டைப் போட்டுட்டு நீங்க தரையில தவழ்ந்து சுத்தி வாங்க. எந்த எடத்துல நல்லா கேக்குதோ, அங்கதான் பெட்டிக்கு எடம்."

"தவழணுமா?"

"பெட்டி தரையிலதானே இருக்கப் போகுது? அது உயரத்துக்கு நீங்க இறங்கித்தான் ஆகணும்."

வியாழக்கிழமை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. மனைவியும் அரை நாள் லீவு போட்டிருந்தாள். வேடிக்கை பார்க்கத்தான் என்றாள். சிஸ்டர் தன் வீட்டில், வழக்கமாகத் தூங்குகிற கட்டிலில் படுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்துக்கொண்டார். பல்லுக்காரர் முதலில் பெரிய பெட்டியை மூலையில் வைத்து ஆற்றங்கரைப் பாட்டைப் போட்டார். டாக்டர் வீட்டில் கேட்ட அந்த ஆள் வந்துவிட்டான். நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நடந்தான். பல்லுக்காரருக்குப் புல்லரித்தது.

"எப்படி இருக்கு சிஸ்டர்?" என்றார் ஆசையாக.

"ஜன்னலுல வச்ச டம்ளர் நகருது சார்."

சத்தத்தைக் குறைத்தார்.

"இப்ப நகரலை, நடுங்குது. பாட்டு நின்னுடுச்சா?"

"நிறுத்திட்டேன்."

"கீழ இன்னும் நிக்கலை. ம்... இப்ப நின்னுடுச்சு."

பெட்டியை மூலையிலிருந்து இழுத்து நடுச்சுவருக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து ஜன்னல் பக்கம். சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் நோயாளியின் ஜுரத்தைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் பதில் சொன்னார். கட்டில் ஆடுது. கட்டில் ஆடலை, அலமாரிக் கதவு ஆடுது. இது முதல்ல வச்ச எடத்தைவிடத் தேவலை. பல்லுக்காரர் கடைசியில் பெருமூச்சு விட்டுவிட்டுச் சின்னப் பெட்டியை மாட்டினார்.

"போடுங்க சார்" என்றார் சிஸ்டர்.

"ஓடிக்கிட்டு இருக்கு சிஸ்டர்."

"அப்படியா? இருங்க... ஆமா. பக்கத்து ரூம்ல யாரோ செருப்பில்லாம நடக்குற மாதிரி இருக்கு. இதுல தூங்கிடலாம்னுதான் நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?"

இடம் தேட வேண்டும். பல்லுக்காரர் போனை அணைக்காமல் மேஜைமேல் வைத்தார். சின்னப் பெட்டியைத் தூக்கித் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலிட்டார். இரண்டடி தவழ்ந்ததும் முட்டி மடக்கென்றது.

"ஆ... அம்மா..."

"மெதுவா போங்க. சோபா பக்கம் எப்படி இருக்கு?"

"இங்க ஒண்ணுமே இல்ல. செத்த எடம் மாதிரி இருக்கு. நீயும் வந்து பாரேன்."

"நானா? எனக்கு இடுப்பு புடிச்சுக்கும்."

சொன்னாளே தவிர, பார்த்துக்கொண்டு நிற்க அவளாலும் முடியவில்லை. புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தப் பக்கமாகத் தவழத் தொடங்கினாள். நடுவில் மேஜைக் காலில் தலை இடித்து, "ஐயோ!" என்று கத்தினாள். அவர் அவசரமாகத் திரும்பப் போய் நாற்காலியோடு மோதினார்.

அடுத்த நிமிஷம் படிக்கட்டில் தடதடவென்று ஓடி வரும் சத்தம். கதவு திறந்துதான் கிடந்தது. வீட்டுச் செருப்புகூட இல்லாமல் சிஸ்டர் உள்ளே பாய்ந்து வந்தார்.

"யாரு விழுந்தது? தலையில அடியா? அசைக்காதீங்க!"

பார்த்தால், பல்லுக்காரர் ஒரு மூலையில் நாலு காலில் நிற்கிறார். மனைவி இன்னொரு மூலையில் நாலு காலில். நாற்காலியில் பெரிய மனுஷன் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி உட்கார்ந்து பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறது.

முதலில் சிரித்தது சிஸ்டர்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். மனைவி எழுந்திருக்க முயன்று, முடியாமல், தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல்லுக்காரர் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சோபா நுனியில் உட்கார்ந்த சிஸ்டர் சட்டென்று தலையைச் சாய்த்தார். அவர் விரல்கள் முழங்காலில் மெதுவாகத் தட்ட ஆரம்பித்தன. பெண் குரல் முதல் சரணத்தை முடித்தது. சிஸ்டர் கையை உயர்த்தினார்.

"இருங்க. இப்ப நாலு படி ஏறும். ஏறி நிக்கும். அப்புறம் இறங்கும்."

பேஸ் கிட்டார் நாலு படி ஏறியது. நின்றது. இறங்கியது.

பல்லுக்காரர் முட்டி வலியை மறந்து எழுந்து நின்றார். "இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"பாட்டை இன்னைக்குத்தான் சார் கேக்குறேன். கீழ ஓடுதே, அது மட்டும் தெரியும்." சிஸ்டருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்ததுபோலிருந்தது. "தினமும் மத்தியானம் போட்டீங்களே. எங்க வீட்டுக்கு அது மட்டும்தான் வரும், குரலெல்லாம் வராது. முதல் ரெண்டு மூணு நாள் கோவம் கோவமா வந்துச்சு. தலகாணியைக் காதுல அமுக்கிக்கிட்டுப் படுத்தேன். அப்புறம் என்ன பண்றது, தூக்கமும் வராது, எப்ப ஏறும் எப்ப இறங்கும்னு காத்துக்கிட்டுக் கெடப்பேன். அது மேல என்ன பாட்டு இருக்கும்னு நானே ஒண்ணு நினைச்சு வச்சிருந்தேன்."

"என்னன்னு நினைச்சிருந்தீங்க?" என்றாள் மனைவி.

"ரயில்ல ஒரு கூட்டமா ஜனங்க ஊருக்குப் போறாங்க. எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டே போறாங்க. அப்படி ஒரு பாட்டுன்னு நினைச்சிருந்தேன் அக்கா. இங்க வந்து பாத்தா ஒரு பொண்ணு தனியா உக்காந்து அழுதுக்கிட்டு இருக்கு."

பல்லுக்காரர் நாற்காலியில் உட்காரப் போய், பெட்டி இருப்பதைப் பார்த்து, நின்றுகொண்டார். "நான் இருபத்தஞ்சு வருஷமா அந்தப் பொண்ணை மட்டும்தான் கேட்டேன் சிஸ்டர். கீழ ஒரு ஆள் இருக்கான்னே தெரியாது."

"நல்லா இருக்கு போங்க" என்றாள் மனைவி. "ஒருத்தருக்கு மேல் பாதி, ஒருத்தருக்குக் கீழ் பாதி. இந்தக் கட்டடத்துல முழுப் பாட்டைக் கேட்ட ஆளே இல்லை."

"மறுபடி முதல்ல இருந்து போடுங்க சார்" என்றார் சிஸ்டர்.

போட்டார். சிஸ்டர் சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இரண்டாவது சரணத்தில், காத்திருக்கிறவளின் குரல் கம்மி நிற்கிற இடத்தில், கீழே இருக்கிற ஆள் மட்டும் தனியாக நடந்து வருகிறான். கூப்பிடு தூரத்தில் யாரோ வந்துகொண்டிருப்பதுபோல. அவளுக்கு அது கேட்டதோ என்னவோ, சிஸ்டருக்குக் கேட்டது. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "வந்துட்டான்" என்றார். கணவர் கப்பலேறி ஐந்து மாதமாகியிருந்தது.

அதன் பிறகு மூன்று பேருமாகச் சேர்ந்து இடம் தேடினார்கள். தவழ்வதில் சிஸ்டருக்கு நல்ல பழக்கம் இருந்தது. கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரைகளைத் தேடித் தேடி வந்தது என்றார். வாசல் கதவுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியை ஒரு சாண் தள்ளினால் கிடைக்கிற இடத்தில் பாட்டு கச்சிதமாகக் கேட்டது. அதற்கு நேர் கீழே சிஸ்டரின் குளியலறை. "அங்க நான் தூங்குறதில்லை" என்று அனுமதி கொடுத்தார்.

அடுத்த இரண்டு நாளில் பல்லுக்காரர் தன் பட்டறையில் அச்செடுக்கிற ரப்பர் கூழைக் குழைத்து, பெட்டிக்குக் கீழே வைக்க நாலு தடித்த பாதங்கள் வார்த்தார். மனைவி தொழிற்சாலையில் மிச்சப்பட்ட கம்பளித் துண்டுகளைக் கொண்டுவந்து அவற்றின் அளவுக்கு வெட்டிக் கொடுத்தாள். மீண்டும் கீழே கட்டிலில் படுத்துப் பார்த்த சிஸ்டர், "போட்டிருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பெரிய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற அன்று பல்லுக்காரருக்கு மனசுக்குள் ஒரு சின்ன இழுப்பு இருந்தது. அந்த ஆள் நெஞ்சுக்குள் நடந்தானே, அந்த நடை சின்னப் பெட்டியில் இல்லை. மிக ஆழத்தில் போகிற ஒன்றிரண்டு ஸ்வரங்கள் அதில் கொஞ்சம் மெலிந்துதான் வந்தன. டாக்டர் வீட்டுக் கூடம் டாக்டர் வீட்டில்தான் இருக்கும். ஆனால் இந்தப் பெட்டியில் அவன் காலை எங்கே வைக்கிறான், எங்கே எடுக்கிறான் என்பது ஒன்றுவிடாமல் தெரிந்தது.

"எதை வச்சுக்கிறீங்க?" என்றார் கடைக்காரர்.

"சின்னது போதும்னு கீழ் வீட்டம்மா சொல்லிட்டாங்க."

"யாரு, கீழ் வீட்டம்மாவா?" கடைக்காரர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, கையிலிருந்த பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷத்துல பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வந்தவங்களையே நான் விரல் விட்டு எண்ணிடுவேன். கீழ் வீட்டுக்காரங்களைக் கேட்டு வாங்குன முதல் ஆள் நீங்கதான்." விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

பல்லுக்காரரின் நாள் அதன் பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. மத்தியானம் மெதுவாக, சாயங்காலம் சிஸ்டர் வேலைக்குக் கிளம்பிய பிறகு கொஞ்சம் தாராளமாகப் பாட்டு வைத்தார். பழைய பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன; ஒவ்வொன்றிலும் அறிமுகமில்லாத ஒரு ஆள் இருந்தான். சில நாள் சிஸ்டர் டியூட்டிக்குப் போகிற வழியில் பையைத் தோளில் மாட்டியபடியே மேலே வந்து, நின்றுகொண்டே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் போவார். உட்காரச் சொன்னால், "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன் அக்கா" என்பார். மனைவியும் மாறித்தான்போனாள். வீட்டுக்கு வந்ததும் யாரும் பேசாதீர்கள் என்கிற உத்தரவு அப்படியேதான் இருந்தது. பாட்டை நிறுத்தச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டாள். பகல் முழுக்க மிஷின் அடிக்கிற அடி காதுக்குள் மிச்சமிருக்கும். இந்தச் சத்தம் அதற்கு அடியில் போய் அதை மெல்லக் கரைத்துவிடுகிறது என்று தன் தோழியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஒரு நாள் சமையலறையிலிருந்து கேட்டார்.

மைத்துனன் ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வந்தான். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடந்ததைக் கண்டுபிடித்தான்.

"இதுவா அத்தான்? இதுல லைட்டுகூட இல்லையே." குனிந்து பின்பக்கத் திருகைத் தேடினான். "ஓடுதா இல்லையா? கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?"

"கைய எடுப்பா. கீழ சிஸ்டர் தூங்குறாங்க."

"ஒரு சத்தமும் காணோமே."

"அது மேல கைய வச்சுப் பாரு."

அவன் அரைமனசாக உள்ளங்கையைப் பெட்டியின் தலையில் வைத்தான். பாட்டு அப்போதுதான் சரணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றவன், கையை எடுக்காமலேயே செருப்புகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அக்கா தேநீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கிக்கொண்டான்.